கிம் கிம் ஆறு கேட்கும் கணக்கு

ஜொகூரில் தொழில் பெருகி வருகிறது. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பாசிர் கூடாங்கும் சேர்ந்திருக்கிறது. புதிய ஆலைகள் வரும், வேலையும் வரும். இதே பாசிர் கூடாங்கில்தான் 2019 மார்ச் மாதம் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே மூச்சுத் திணறிச் சாய்ந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு நாடு எதைத் திருத்திக்கொண்டது, எதை அப்படியே விட்டுவிட்டது என்பதை, அடுத்த ஆலைக்கு அடிக்கல் நாட்டும் முன் பேசியாக வேண்டும்.

ஒரு லாரி, ஓர் ஆறு

2019 மார்ச் 7, வியாழக்கிழமை. தாமான் பாசிர் பூத்தே வட்டாரத்தில் காலையிலேயே மூக்கைத் துளைக்கும் நெடி. பாசிர் பூத்தே தொடக்கப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் மாணவர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி, நெஞ்சடைப்பு. பள்ளிகளை ஒட்டி ஓடும் கிம் கிம் ஆற்றில் யாரோ லாரியில் கொண்டுவந்து இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கழிவு 20 முதல் 40 டன் வரை இருக்கும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

அன்றே ஆற்றை முழுமையாகத் துப்புரவு செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முடியவில்லை. நிலைமை கட்டுக்குள் இருப்பதாக அதிகாரிகள் நினைத்தார்கள். நான்கு நாள் கழித்து, மார்ச் 11ஆம் தேதி, வெயிலும் காற்றும் சேர்ந்து ஆற்றில் தங்கியிருந்த கழிவின் ஆவியைக் கிளப்பிவிட்டன. பாதிப்பு முதல் நாளைவிடப் பல மடங்காகத் திரும்பி வந்தது. காற்றில் மீத்தேன், பென்சீன், டொலுவீன், அக்ரிலோநைட்ரைல் உள்ளிட்ட வாயுக்கள் கண்டறியப்பட்டன. மார்ச் 13ஆம் தேதி பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதில் அடக்கம்.

உள்ளரங்கு விளையாட்டரங்கம் சிகிச்சைக் கூடமானது. சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை நிரம்பியது. முடிவில் சுமார் 6,000 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 2,775 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஆற்றங்கரை வீடுகளில் கைக்குழந்தை வைத்திருந்த குடும்பங்கள் உறவினர் வீடுகளுக்குக் கிளம்பின. கிம் கிம் ஆற்றின் முகத்துவாரத்தை நம்பி மட்டியும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் ஓராங் செலேத்தார் பூர்வகுடியினர் போவதற்கு வேறு இடமும் இல்லை, அன்று விற்க மீனும் இல்லை.

அப்போதைய பிரதமர் மகாதீர் மார்ச் 14ஆம் தேதி நேரில் வந்து பார்த்தார். அவசரநிலை அறிவிக்கத் தேவையில்லை என்றார். மாத இறுதிக்குள் ஒரு நிறுவனமும் தனிநபர்கள் சிலரும் ஜொகூர் பாரு செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஜூன் மாதம் அதே பாசிர் கூடாங்கில் பிள்ளைகள் மீண்டும் மூச்சுத் திணறினார்கள். இந்த முறை பாலர் பள்ளிகள் உட்பட 475 கல்வி நிலையங்களுக்குப் பூட்டு. ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு முறை.

எதற்காகக் கொட்டுகிறார்கள்?

ஆலைகளிலிருந்து வரும் நச்சுக் கழிவை மலேசியச் சட்டம் 'பட்டியலிடப்பட்ட கழிவு' என்கிறது. 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆலை அதைத் தன்னிடம் பாதுகாப்பாக வைத்திருந்து, அளவைப் பதிவுசெய்து, உரிமம் பெற்ற லாரியில், உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நெகிரி செம்பிலானில் புக்கிட் நானாஸில் இதற்கென்றே பெரிய நிலையம் இருக்கிறது. அங்கே அனுப்பக் காசு ஆகும். இருட்டில் ஆற்றங்கரையில் குழாயைத் திறந்துவிட லாரி வாடகை மட்டும் போதும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம்தான் பாசிர் பூத்தே பிள்ளைகளின் நுரையீரலில் போய்ச் சேர்ந்தது.

பிடிபட்டால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டாலும் லாபமே மிஞ்சியது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி இந்தக் குற்றத்துக்கு உச்ச அபராதம் 5 லட்சம் ரிங்கிட், சிறை 5 ஆண்டு வரை. பெரிய ஆலைக்கு 5 லட்சம் ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

இங்கேதான் நாட்டுக்குப் பாராட்டும் சேர வேண்டும். 2024இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் ஆனது. 2024 ஜூலை 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இருபது மடங்கு உயர்வு சின்ன விஷயமல்ல. கிம் கிம் சம்பவம் நடக்காமல் இருந்திருந்தால் இந்தத் திருத்தம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. தவறு நடந்தது, சட்டம் பலவீனம் என்று தெரிந்தது, சட்டம் மாறியது. ஐந்து ஆண்டு ஆனாலும் மாறியது.

ஆனால் மாறியது இனிமேல் கொட்டப் போகிறவனுக்கான தண்டனை. ஏற்கெனவே மூச்சுத் திணறியவர்களுக்கு நாடு என்ன சொன்னது? யார் எந்த இடத்தில் தவறினார்கள் என்ற முழு விவரம் ஒரே அறிக்கையாக மக்கள் கைக்கு வந்ததா? அரச விசாரணை ஆணையம் வேண்டும் என்று அன்றே குரல்கள் எழுந்தன. ஆணையம் அமைக்கப்படவில்லை.

யாருடைய பொறுப்பு?

கிம் கிம் ஆற்றின் கரையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் மூன்று திசையில் கை நீளும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில். ஊராட்சி அமைப்புகளும் மாநிலத்தின் கீழ். ஆலைக்கு வணிக உரிமம் தருவது அந்த ஊராட்சி அமைப்பு. கழிவைக் கண்காணிக்கும் சுற்றுச்சூழல் துறையோ கூட்டரசுத் துறை. பாசிர் கூடாங்கில் சுமார் 250 இரசாயன ஆலைகள் இருப்பதாக 2019இல் சொல்லப்பட்டது. அவற்றின் அருகில் குடியிருப்புகளையும் பள்ளிகளையும் கட்ட அனுமதித்தது ஒரு காலத்து முடிவு அல்ல. 1977 முதல் படிப்படியாக வளர்ந்த ஊர் அது. ஒவ்வொரு அனுமதிக் கடிதத்திலும் யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது.

பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடக்கும்போது விசாரணை அறிக்கை அவசியமாகிறது. நீதிமன்றம் குற்றவாளியைத்தான் பார்க்கும். முதல் நாளிலேயே ஆற்றை ஏன் முழுதாகத் துப்புரவு செய்யவில்லை, காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத நிலையில் இரண்டாவது அலைக்குப் பிள்ளைகள் எப்படி ஆளானார்கள், எச்சரிக்கை ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்விகள் குற்றப்பத்திரிகையில் வராது. அவற்றுக்குப் பதில் தெரியாமல் அடுத்த முறை மட்டும் சரியாக நடக்கும் என்று எதை வைத்து நம்புவது?

தூத்துக்குடியைப் பாருங்கள். ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது 2018 மே மாதம் 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அறிக்கை 2022 அக்டோபரில் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர் முதல் காவல் அதிகாரிகள் வரை யார் எங்கே தவறினார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. அதன் பேரில் எடுத்த நடவடிக்கை போதாது என்று அந்தக் குடும்பங்கள் இன்றும் போராடுகின்றன. ஆனால் போராடக் கையில் ஓர் ஆவணம் இருக்கிறது. பாசிர் பூத்தே தாய்மாருக்கு அதுவும் இல்லை.

மலேசியாவுக்கே அறிக்கையின் வலிமை தெரியும். காவல் துறையைச் சீர்செய்ய அமைத்த அரச ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகள் தந்தது. போலீசாரின் தவறுகளை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. 2023 ஜூலையில் வந்த ஆணையம் அன்று கேட்டதைவிடப் பலவீனமானதுதான். என்றாலும் 18 ஆண்டுகள் அந்தக் கோரிக்கையை உயிரோடு வைத்திருந்தது அச்சில் வந்த அந்த அறிக்கை. தடுப்புக் காவலில் மகனை இழந்த குடும்பங்கள் அதைத்தான் சுட்டிக்காட்டின.

ஜொகூருக்கு வெளியிலிருந்து இரண்டு பாடங்கள்

ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் 1980களில் அரிய மண் ஆலை ஒன்று கதிரியக்கக் கழிவை ஊருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. சட்டத்தில் தோற்றுப்போன மக்களிடம் ஆலை தோற்றது. 1994இல் மூடிவிட்டது. அதன் பின் அந்தக் கழிவை அகற்றிப் புதைக்க, ஆலைக்குப் பின்னால் இருந்த ஜப்பானிய நிறுவனம் செலவிட்ட தொகை சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்று வெளியானது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலைக்குப் பிற்பாடு எத்தனை மடங்கு விலை என்பதற்கு மலேசிய மண்ணிலேயே இப்படிச் சான்று இருக்கிறது.

இன்னொன்று ஜப்பானின் மினமாட்டா. ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மனிதர் உடலுக்குள் போனது. நோய் அதிகாரபூர்வமாகத் தெரிந்தது 1956 மே 1ஆம் தேதி. ஆலைதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968இல். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது. அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் சொன்னது 2004இல்.

அங்கே 2024 மே 1ஆம் தேதி நடந்ததையும் சொல்ல வேண்டும். நினைவு நாளன்று பாதிக்கப்பட்டோர் சுற்றுச்சூழல் அமைச்சரைச் சந்தித்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். இறந்துபோன மனைவியைப் பற்றி ஒரு முதியவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது என்று ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். நாடே கொதித்தது. ஒரே வாரத்தில் அமைச்சர் மீண்டும் மினமாட்டாவுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டார். அறுபத்தெட்டு ஆண்டுக்குப் பிறகும் அந்த மக்கள் கேட்டது முதலில் காசு அல்ல. பேச்சை முடிக்கும்வரை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதுதான்.

தண்ணீருக்கும் இதே கதை

கிம் கிம் முடிந்துபோன செய்தி என்று நினைப்பவர்கள் ஜொகூர் ஆற்றைப் பார்க்கலாம். 2017இலும் 2019 ஏப்ரலிலும் அம்மோனியா கலந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. 2025 ஏப்ரலில் கோத்தா திங்கியில் மணல் கழுவும் குளம் ஒன்றின் கரை உடைந்து ஆறே நிறம் மாறியது. மறுபடியும் குழாயில் தண்ணீர் இல்லை, மறுபடியும் வாளியும் தண்ணீர் லாரியும். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்வதும் இந்த ஆற்றிலிருந்துதான். இதற்குக் கேடு வந்தால் இரண்டு நாட்டுக்கும் தாகம்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. அதிகாரிகள் விரைகிறார்கள், நிறுவனத்துக்கு நோட்டீஸ் போகிறது, சில நாளில் தண்ணீர் திரும்புகிறது, செய்தி அடங்குகிறது. அந்தக் குளத்தைக் கடைசியாக யார் பார்வையிட்டார், என்ன எழுதினார் என்று கோத்தா திங்கியில் ஒரு கடைக்காரர் தெரிந்துகொள்ள வழியில்லை. சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநிலத் தகவல் உரிமைச் சட்டம் பத்தாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஜொகூரில் அப்படி ஒன்று இல்லை.

தெரிந்துகொள்ளும் உரிமைக்கு முன்னுதாரணம் உண்டு. போபாலில் 1984 டிசம்பரில் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்ததைப் பார்த்து அமெரிக்கா 1986இல் ஒரு சட்டம் போட்டது. தன் ஊர் ஆலையில் எந்த இரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அது ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்தது. செத்தவர்கள் இந்தியர்கள், பாடம் படித்தது அமெரிக்கா. இந்தியா தன் பங்குக்கு 1991இல் ஒரு காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆபத்தான பொருளைக் கையாளும் ஆலைகள் முன்கூட்டியே காப்பீடு எடுக்க வேண்டும். விபத்து நடந்தால், யார் குற்றம் என்று நிரூபிக்கும் வரை காத்திருக்காமல், பாதிக்கப்பட்டவருக்கு முதல் உதவித்தொகை போக வேண்டும். தொகை சிறியது என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்பாட்டில் உள்ள நியாயம் பெரியது.

என்ன செய்யலாம்?

முதலில் அறிக்கை. 2019இல் நடந்தது பற்றிச் சுற்றுச்சூழல் துறை, சுகாதார அமைச்சு, மாநில அரசு, ஊராட்சி அமைப்பு ஆகிய நான்கிடமும் தனித்தனியாகக் கோப்புகள் இருக்கும். அவற்றை ஒன்றாக்கி, நாள் வாரியாக, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிட வேண்டும். வழக்குகளுக்குப் பாதகம் வரும் பகுதிகள் பின்னால் வரட்டும். மீதியை மறைக்கக் காரணம் இல்லை.

இரண்டாவது, உடல்நலப் பதிவேடு. அன்று மருத்துவமனையில் சேர்ந்த 2,775 பேரின் பெயரும் பதிவில் இருக்கும். சில பிள்ளைகளுக்கு உடல் நடுக்கமும் மூச்சுக் கோளாறும் தொடர்வதாகப் பெற்றோர் அந்த ஆண்டே சொன்னார்கள். பென்சீன் இரத்தத்தைப் பாதிக்கும் பொருள். விளைவு தெரிய ஆண்டுகள் ஆகலாம். ஆண்டுக்கு ஒரு முறை இலவசப் பரிசோதனை, அதன் பொதுவான முடிவுகள் மக்களுக்கு. இதற்குப் புதிய மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் ஒரு பிரிவு போதும்.

1 கோடி ரிங்கிட் அபராதம் அரசு கஜானாவுக்குப் போய்விட்டால் பாசிர் பூத்தேவுக்கு என்ன கிடைக்கும்? அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்ட ஊருக்கான உதவி நிதியாகச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். இந்தியாவைப் போல ஆலைகள் கட்டாயக் காப்பீடு எடுக்கும் முறையும் வேண்டும். சிறப்பு மண்டலத்தில் சலுகை கேட்டு வரும் நிறுவனங்களிடம் இதைக் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது.

ஆலைப் பகுதியை ஒட்டிய ஒவ்வொரு பள்ளியிலும் காற்றின் தரத்தைக் காட்டும் கருவி, அபாய மணி, ஆண்டுக்கு இரண்டு முறை வெளியேறும் பயிற்சி வேண்டும். தீ விபத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நச்சுக் காற்று வந்தால் சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று எத்தனை ஆசிரியருக்குத் தெரியும்? கழிவு ஏற்றும் லாரி எங்கே போகிறது என்பதைச் செயற்கைக்கோள் வழி பின்தொடர்வது இன்று கடினமான காரியம் அல்ல. கொட்டச் சொன்ன முதலாளியைக் காட்டிக்கொடுக்கும் ஓட்டுநருக்கு 2010ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்க வேண்டும். அகப்படுவது பெரும்பாலும் ஓட்டுநராக இருப்பதுதான் அந்தச் சட்டத்தின் தேவையைச் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக, ஜொகூர் சட்டமன்றம் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றலாம். கூட்டரசின் அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கோத்தா இஸ்கண்டாரில் 56 உறுப்பினர்கள் உட்கார்ந்து செய்யக்கூடிய காரியம் இது. பாசிர் கூடாங் வட்டாரத்து உறுப்பினர்களிடம் ஊர்ச் சங்கங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் ஒரு சொல். அரசுத் துறைகள் மீது வழக்குத் தொடுக்க 1948ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று ஆண்டுதான் தருகிறது. அது 2022 மார்ச்சோடு முடிந்தது. தனியார் மீது வழக்குத் தொடுக்கப் பெரியவர்களுக்கு ஆறு ஆண்டு. அதுவும் 2025 மார்ச்சோடு முடிந்தது. ஆனால் சம்பவம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தனியார் மீதான வழக்கில் அந்த ஆறு ஆண்டு, அவர்களுக்கு 18 வயது நிரம்பும் நாளில்தான் தொடங்கும் என்கிறது 1953ஆம் ஆண்டு வரம்புச் சட்டம். அன்று 12 வயதில் வகுப்பறையில் விழுந்த பிள்ளைக்கு இன்னும் வாசல் திறந்திருக்கிறது. மருத்துவமனைச் சீட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஜொகூர் பாருவில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ அரசின் சட்ட உதவித் துறையிலோ அவற்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.